பாயா மணியம், பெரட்டு, வெள்ளிக் காசு: தோட்டத்துப் பேச்சு வந்த வழி

கேள்வி இதுதான்: மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி பேசும் பெரட்டு, மங்கு, கித்தா, சடக்கு, ஆயாக்கொட்டகை எல்லாம் தமிழா, மலாய் மொழியா, வேறு எதுவுமா? ஊர்ப் பெயரில் பட்டாணி எப்படி வந்தது? ‘கிளிங்’ என்ற வசவு காலில் பூட்டிய சங்கிலிச் சத்தத்திலிருந்து வந்தது என்று தாத்தா சொன்னாரே, உண்மையா? அந்தத் தாத்தாவையே ஊர் ‘பாயா மணியம்’ என்று கூப்பிட்டதாம், அது ஏன்?

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். தோட்டத்துச் சொற்களைப் பார்க்கும்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காரியம் யார் கையில் இருந்ததோ, பெரும்பாலும் அவர் வழியாக வந்த சொல்தான் நிலைத்திருக்கும். வேலை ஏவியவர்களின் சொற்கள் இங்கிலீஷும் போர்த்துக்கீசியமும். கடன் கொடுத்த கடைக்காரர் சொல் ஹொக்கியன் என்ற சீன மொழி. காடும் சதுப்பும் மலாய். தொழிலாளி தானே தொட்டுச் செய்த வேலைக்குத்தான் தமிழ் மிச்சம் இருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனால் வியக்கிற அளவுக்குப் பொருந்தும்.

மரத்தடியில் நின்று பாருங்கள். பால், பட்டை, வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால் எல்லாம் நம் சொற்கள். மர வரிசைக்குப் பாட்டி என்ன சொல்வார்? நெரை. அது நிரை. பசுக்கூட்டத்தை ஆநிரை என்று சொல்கிறோமே, அதே நிரைதான். தமிழ்நாட்டில் தெருப்பேச்சில் ‘வரிசை’யும் ‘லைனு’ம் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன. இங்கே படிப்பறிவில்லாத பாட்டிமார்கூட ‘என் நெரை முடிஞ்சிருச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் மரத்தின் பெயர் நம்முடையதில்லை. கித்தா என்பது மலாயின் கெத்தா, அதாவது பிசின். காட்டில் வேறு மரங்களிலிருந்து பிசின் எடுத்த காலத்திலிருந்தே மலாய்க்காரர்களிடம் இருந்த சொல். ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். புது மரத்துக்குப் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. மங்கும் அப்படித்தான். மலாயில் மங்கோக் என்றால் கிண்ணம். காப்பி குடிப்பதும் மங்கு, மரத்தில் மாட்டிப் பால் பிடிப்பதும் மங்கு. பால் சுமக்கிற காண்டா வாளியில் இருக்கும் காண்டா, தோளில் கழி போட்டு இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுத் தூக்குவதைச் சொல்லும் கண்டார். பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் அப்படிச் சுமந்து விற்றதால் வந்ததுதான் நாசி கண்டார். இன்று குளிர்சாதனக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பெயரில் மட்டும் அந்தக் கழி இருக்கிறது.

பெரட்டுக்கு வருவோம். விடியாத இருட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வேலை அவ்வளவு சீக்கிரம் தொடங்கும். ஆபீஸ் முன்னால் ஒரு களம், ஒரு விளக்கு. தலையில் துணி சுற்றிய பெண்கள், இடுப்பில் கத்தி, கையில் வாளி. கிராணி பேர்ப் பட்டியலைப் பிரித்துக் கூப்பிடுவார், மண்டோர் இன்ன ஆளுக்கு இன்ன காடு என்று பிரித்துவிடுவார். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. இந்தக் கூட்டம்தான் பெரட்டு. பட்டாளத்தில் அணிவகுத்து நிற்பதைச் சொல்லும் ‘பரேட்’தான் நம் வாயில் பெரட்டு ஆனது. ஆளைப் புரட்டி எடுப்பதால் அந்தப் பேர் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இலங்கை மலையகத்திலும் பெரட்டுதான். இரண்டு இடத்திலும் துரை ஒரே ரகம்.

அந்தக் களத்தில் நின்றவர்களின் பதவிப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதி உலகம் சுற்றிவரலாம். கங்காணி நம் சொல், கண்காணிப்பவன். மண்டோர் போர்த்துக்கீசிய மண்டதோர், ஏவுகிறவன். போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் போய் இரண்டரை நூற்றாண்டு கழித்து ரப்பர் தோட்டம் வந்தபோதும் அவர்கள் சொல்தான் மேற்பார்வை பார்த்தது. கிராணி இந்துஸ்தானி. கல்கத்தாவில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர், மலாயில் இன்றும் கெரானி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டிரசர், சட்டை தைத்தவர் இல்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள்.

ஆயாக்கொட்டகை கொஞ்சம் சிக்கலானது. தாய் தகப்பன் இருவரும் இருட்டோடு மரம் வெட்டப் போனால் கைக்குழந்தைகளை ஒரு கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் ஆயா. தமிழில் ஆய் என்றால் தாய், சில பக்கம் ஆயா என்றால் பாட்டி, அதனால் இது தமிழே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற பெண் என்ற பொருள் போர்த்துக்கீசிய ‘ஐயா’விலிருந்து வந்தது. அங்கே அது செவிலிப் பெண். இந்தியாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கி, இங்கே வந்து கொட்டகையில் நின்றது. அப்பாவை அழைக்கும் நம் ஐயாவும் இதுவும் எழுத்தில் ஒன்றாக வருவது வெறும் தற்செயல்.

சஞ்சிக்கூலி என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, இல்லை பெருவிரல் ரேகை வாங்கி, ஆள் கட்டிக் கொண்டுவந்த முறை. பிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘அக்ரிமென்ட்’ என்ற இங்கிலீஷ் சொல் சிதைந்து கிர்மிட் ஆனது. இங்கே மலாயின் ஜன்ஜி, அதாவது வாக்குறுதி, சஞ்சி ஆனது. எனக்கு இது கொஞ்சம் கசப்பாகவே இருக்கும். வாக்குக் கொடுத்தவன் ஒருத்தன், அந்தச் சொல்லைச் சுமந்தவன் இன்னொருத்தன். மலாயாவில் அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தது 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது. கூலி என்ற சொல்லோ, உழைப்புக்குக் கொடுக்கும் காசைச் சொன்ன நல்ல தமிழ்ச் சொல். குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சியும் உண்டு. நான் தமிழ்க் கட்சி. எப்படியானாலும், காசின் பெயர் ஆளின் பெயராகி, கப்பலேறி உலகம் சுற்றி, சீனத்தில் ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள்படும் இரண்டு எழுத்தாக எழுதப்பட்டு, கடைசியில் நம்மையே திட்டும் சொல்லாகத் திரும்பி வந்தது.

திட்டு என்றதும் ‘கிளிங்’. உங்கள் தாத்தா சொன்ன கதையை நாடு முழுவதும் சொல்கிறார்கள்: விலங்கு பூட்டிய இந்தியக் கைதிகள் சாலை போட வந்தார்கள், நடக்கும்போது சங்கிலி கிளிங் கிளிங் என்றது, மலாய்க்காரர்கள் அதையே பெயராக வைத்தார்கள். கைதிகள் வந்தது உண்மை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் போட்ட சாலைகளும் கட்டிய கட்டடங்களும் உண்மை. பெயர்க் கதை மட்டும் தவறு.

ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் போதும். இங்கிலீஷ்காரர்கள் பினாங்கில் கொடி நட்டது 1786-இல். கைதிகளை அனுப்பியது அதற்குப் பிறகு. ஆனால் போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ் 1512-க்கும் 1515-க்கும் இடையில் மலாக்காவைப் பற்றி எழுதும்போதே இந்தப் பெயரில் அங்கே இருந்த வணிகர்களைச் சொல்கிறார். 1613-இல் எரெடியா என்பவர் எழுதிய விவரணையில் மலாக்காவின் ஒரு பகுதிக்கே ‘கம்போன் செலிம்’ என்று பேர். அதுதான் பிற்காலத்துக் கம்போங் கிளிங். அங்கே 1748-இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. சங்கிலிக் கைதி வருவதற்குப் பல தலைமுறை முன்பே கப்பல் கப்பலாகத் துணி கொண்டுவந்து விற்ற பணக்காரர்களின் பெயர் அது. மூலம் கலிங்கம். கிழக்குக் கரை நாட்டின் பெயர், இங்கே தென்னிந்தியர் எல்லாருக்கும் பொதுப்பெயர் ஆனது. பிறகு வந்தவர்கள் கூலிகளாகவும் கைதிகளாகவும் வந்ததால் பெயரின் மதிப்பு இறங்கியது. அந்த இறக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக யாரோ சங்கிலியைச் சேர்த்தார்கள் என்பது என் ஊகம். வேர் கௌரவமானது என்பதற்காக இன்று யாராவது அந்தச் சொல்லால் அழைத்தால் சிரித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இன்றைக்கு அது வசவுதான்.

கடைத்தெருவுக்குப் போவோம். சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து லோரியில் ஏறி டவுனுக்குப் போனால் முதலில் கால் வைப்பது அஞ்சடியில். கடைகளுக்கு முன்னால் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்று, சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் 1822-இல் அதற்கு நகரத் திட்டம் போட்டபோது விதித்தார். அகலம் ஐந்து அடி என்பது பெயராகவே நிலைத்தது. அது மலாயா டவுன்களுக்கும் பரவியது. மலாயில் காக்கி லீமா. காக்கி என்றால் கால், அடி அளவுக்கும் அதே சொல். நாமும் அளவையே பெயராக்கினோம். கடையில் உட்கார்ந்திருக்கும் தவுக்கே ஹொக்கியன் மொழியில் ‘தலை, வீடு’ என்ற இரண்டு சொல் சேர்ந்தவர், குடும்பத் தலைவர். கடன் எழுதும் சின்ன நோட்டுக்கு புக்கு தீகா லீமா என்று பேர், மூன்று ஐந்து. அட்டையில் 555 என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். பால் சேர்க்காத காப்பியான கோப்பி ஓவில் இருக்கும் ஓ, ஹொக்கியனில் கறுப்பு.

பணத்தின் பெயர்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் ‘அம்பது வெள்ளி’ என்றால் விழிப்பார்கள். மலேசியப் பணமான ரிங்கிட்டை நாம் வெள்ளி என்கிறோம், ஏனென்றால் முன்பு புழங்கியது வெள்ளி நாணயம். மலாய்க்காரர் அதே நாணயத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பு பல் பல்லாக இருக்கும், ரிங்கிட் என்றால் பல் வெட்டியது. 1975-இல் அதுவே அரசாங்கப் பெயராகவும் ஆனது. மலாயில் பொதுவாகப் பணத்துக்குச் சொல்லும் டுயிட், டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக் காசு. ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கான சென்னுக்கு நாம் சொல்லும் காசு, போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஆசியாவின் சின்ன நாணயங்களைச் சொல்லும் இங்கிலீஷ் கேஷ் ஆனது. இன்று கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கும் கேஷ் வேறு, அது பணப்பெட்டியைச் சொல்லும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இந்த வரிசையில் செல்லாமல் போன ஒன்றும் உண்டு. ஜப்பான்காரன் ஆட்சியில் அடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் போட்டிருக்கும். 1945-இல் அவன் தோற்றதும் மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் காகிதம். வாழைமரக் காசு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

சாலை விஷயம் சுருக்கமாக. சடக்கு இந்துஸ்தானியின் சடக். மைலுக்குக் கட்டை, மைல் கல்லை நட்டுவைத்த கட்டையாகப் பார்த்ததால். மலாய்க்காரர் கல்லாகப் பார்த்து பத்து என்றார், மலாயில் பத்து என்றால் கல். அதனால்தான் நமக்கு நாலாங்கட்டை, ஏழாங்கட்டை என்று ஊர்கள், அவர்களுக்கு பத்து தீகா. மைல் போய் கிலோமீட்டர் வந்து இத்தனை வருஷமாகியும் பெயர்கள் நகரவில்லை. கம்பம், கம்பத்து வீடு என்பது கம்போங். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: சென்னையில் ‘காம்பவுண்டு சுவர்’ என்கிறார்களே, அந்த இங்கிலீஷ் காம்பவுண்டே இந்தக் கம்போங்கிலிருந்து போனது என்பதுதான் பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளர்களின் கருத்து.

சரி, பட்டாணி. மலாயில் பெத்தானி என்றால் உழவன், சுங்கை ஆறு. நேராகப் பார்த்தால் உழவன் ஆறு. வடக்கே சயாம் எல்லைக்கு அப்பாலிருந்த பட்டானி நாட்டு மக்கள் வந்து குடியேறியதால் வந்த பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சுண்டல் செய்யும் பட்டாணிக்கு இதில் இடமில்லை. நம் காது தனக்குப் பழகிய சொல்லை அங்கே கேட்டுக்கொண்டது. கோலாலம்பூரையும் அப்படித்தான் பூர் என்று முடிகிற ஊராக்கிவிட்டோம். கோலா ஆற்று முகம், லும்பூர் சேறு. இந்த நாட்டில் மரத்தின் பெயரால் ஊர் வைப்பது ரொம்பச் சாதாரணம். பினாங்கு பாக்கு மரம். கூலிம் ஒரு காட்டு மரம். ஈப்போ, ஊதுகுழல் அம்பில் தடவும் நஞ்சுப்பால் தரும் மரம். மலாக்கா என்றால் என்ன மரம் தெரியுமா? நெல்லி. நம் ஊறுகாய் நெல்லிக்காயேதான், வடமொழி ஆமலகத்தின் சாயல் பெயரில் தெரியும். தலைநகரில் இன்று பணக்காரர் பேட்டையாக இருக்கும் பங்சாரோ மரப் பெயர்கூட இல்லை என்பார்கள். பூங்கே, கிரிசார் என்ற இருவரின் ரப்பர் தோட்டம் அங்கே இருந்தது, இரண்டு பெயரும் ஒட்டி பங்சார் ஆனது என்பதுதான் பரவலாகச் சொல்லும் கதை. அந்த விலையுயர்ந்த வீடுகளின் அடியில் இருப்பதும் ஒரு தோட்டம்தான்.

பட்டப்பெயர் தொழிலாளிக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை 1888 முதல் நடத்திய ரிட்லி, காப்பி பயிர் செய்துகொண்டிருந்த துரைமாரைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ரப்பர் நடச் சொல்லி, சட்டைப் பையில் விதையைத் திணித்தே அனுப்புவார். ‘கிறுக்கு ரிட்லி’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கியவர் அவர்தான். அவர் பேச்சைக் கேட்டு 1896-இல் மலாக்காவில் முதலில் வியாபாரத்துக்காக நட்டவர் ஒரு சீனர், பெயர் ‘தான் சாய் யான்’; வெள்ளைக்காரர் இல்லை. கிறுக்கர் நூறு வயது இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நம் ஆட்களுக்கு வந்த பட்டப்பெயர் வேறு தேவையில் பிறந்தது. ஒரு தோட்டத்தில் மூன்று மணியம், நான்கு முனியாண்டி, ஐந்து லெட்சுமி இருப்பார்கள். பெரட்டில் பேர் கூப்பிட்டால் யாருக்கு என்று தெரிய வேண்டுமே. அதனால் முன்னால் ஒரு அடையாளம் சேரும்: லோரி மணியம், ஸ்டோர் மணியம், பம்பு வீட்டு லெட்சுமி. பெரும்பாலும் வேலை, இல்லையென்றால் வீடு இருந்த இடம். கேலிப் பேர்களும் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் அவை குறைவுதான்.

எதிர்த்திசையில் போனதையும் சொல்லாவிட்டால் கணக்கு சரியாகாது. கடை கெடாய் ஆனதும், மீசை மிசாய் ஆனதும், காவல் காவால் ஆனதும் எல்லாருக்கும் தெரியும். கழுதை கெல்டாய் ஆனது. இங்கே பக்கத்து வீட்டில் பார்க்க முடியாத விலங்கு, பெயரோடு சேர்ந்தே இறக்குமதி. ஆனால் இவையெல்லாம் சரக்குப் பெயர்கள், வியாபாரத்தோடு போவது இயல்பு. எனக்கு வியப்பாக இருப்பது சும்மா. மலாயில் ‘மட்டும்தான்’ என்பதற்குச் சொல்லும் சூமா, இலவசம் என்பதற்கான பெர்சூமா இரண்டிலும் இருப்பது நம் சும்மாதான். பாகாய் என்பது வகை. ஒரு மலாய்க்காரர் பாகாய்மானா என்று கேட்டால், எப்படி என்று கேட்கிறார், ஆனால் வாயில் இருப்பது நம் ‘வகை’. பொருளை வாங்கலாம். இப்படி வாக்கியத்தின் மூட்டில் உட்காரும் சொல்லை வாங்க, அக்கம்பக்கமாக வெகுகாலம் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் ரப்பர் தோட்டத்தைவிட மிகவும் பழையது. இந்தக் கெடாதான் சோழர் கல்வெட்டில் வரும் கடாரம். 1025-இல் ராஜேந்திரன் கப்பல் அனுப்பிய இடம்.

இனி பாயா மணியம். தாத்தா ஆட்டுக்கால் பாயா பிரியர் என்று வீட்டில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் பட்டப்பெயர் வந்த வழியைப் பார்த்தால் நான் வேறு பக்கம் சாய்வேன். மலாயில் பாயா என்றால் சதுப்பு. மேட்டு நிலத்தில் ரப்பரும் பள்ளத்தில் சதுப்புமாக இருந்த தோட்டங்களில் அந்தப் பள்ளத்துப் பக்கத்தைப் பாயாக்காடு என்று சொல்வார்கள். அங்கே நிரை வாங்கிய மணியம், அல்லது அதன் ஓரத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்த மணியம், பாயா மணியம் ஆகியிருப்பார். பாட்டியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். கலியாணம் ஆகி வந்த புதிதில் வீடு எந்தப் பக்கம் இருந்தது, மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நின்றதா, தாத்தாவுக்கு எந்தக் காடு கொடுத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அப்படியே அதே தோட்டத்தில் வேறு எத்தனை மணியம் இருந்தார்கள், அவர்களுக்கு என்னென்ன அடைமொழி என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்டோர், லோரி, பம்பு என்று இடமும் வேலையுமாகவே வந்தால் சதுப்புதான். வேறொரு மணியத்துக்குக் கருவாட்டு மணியம் என்று பேர் இருந்ததாகப் பாட்டி சொன்னால், வீட்டுக் கதைக்கே என் ஓட்டு.